மானியம்: ஏரிப்பட்டி முதல் வங்கிக் கணக்கு வரை
(பங்காருபாளைய வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

முன்னுரை

சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் பங்காருபாளையம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத்தின் தலைமையிடமாக இது விளங்குகின்றது. 'பங்காரு' என்பது பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல். 'பாளையம்' என்பது பாளையக்காரர் ஆட்சியை நினைவூட்டும் சொல். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இவ்வட்டாரம், 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெறும் வரை வடாற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது.

2025ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வூர்ச் சந்தை நாடெங்கும் பேசப்பட்டது. கிளிமூக்கு மாம்பழத்தின் விலை வீழ்ந்தபோது, கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் வழங்குவதாக மாநில அரசு அறிவித்தமையே அதற்குக் காரணம். அறிவிப்பைத் தொடர்ந்து, மானியம் யாருக்குச் சேரவேண்டும் என்னும் வினா எழுவது இயல்பு. தோப்பின் உடைமையாளருக்கா, தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கா, பழத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவருக்கா என்பது அவ்வினாவின் உள்ளடக்கம்.

இவ்வினா 2025இல் தோன்றிய ஒன்றன்று. வேளாண்மைக்கு ஆட்சியாளர் உதவி அளிக்கத் தொடங்கிய காலந்தொட்டு அது தொடர்ந்து வருகின்றது. ஒவ்வொரு காலத்திலும் உதவி ஏதேனும் ஒரு பதிவேட்டைப் பின்பற்றியே சென்றுள்ளது. அப்பதிவேட்டில் பெயர் பெற்றவரே உழவராக மதிக்கப்பட்டார். மானியம் என்னும் சொல்லின் பொருள் மாற்றத்தைத் துணையாகக் கொண்டு, இவ்வட்டார வரலாற்றின்வழி இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

சொல்லும் பொருளும்

இன்றைய தமிழில் மானியம் என்றால் அரசு தரும் பண உதவி அல்லது விலைக் குறைப்பு என்றே பொருள்கொள்ளப்படுகின்றது. உர மானியம், மின் மானியம், சொட்டுநீர் மானியம் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. எனினும் இச்சொல்லின் முந்தைய பொருள் வேறு. மதிப்பு என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த இது, வரி நீக்கியோ வரி குறைத்தோ விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. கோயிற்பணி, கணக்குப்பணி, காவற்பணி, ஏரிப்பணி ஆகியவற்றைச் செய்வோர்க்கு ஊதியமாக விடப்பட்ட நிலங்கள் மானியம் எனப்பட்டன.

தெலுங்கிலும் 'மான்யம்' என்னும் சொல் உண்டு. ஆயினும் அங்கு அது பெரிதும் நிலக்கொடை என்னும் பழம்பொருளிலேயே நின்றுவிட்டது. அரசு உதவித்தொகையைக் குறிக்க, உருது வழியாக வந்த 'ராயிதி' என்னும் சொல்லையும் 'சப்சிடி' என்னும் ஆங்கிலச் சொல்லையும் தெலுங்கர் வழங்குகின்றனர். ஆகவே இருமொழியும் வழங்கும் பங்காருபாளையம் போன்ற ஊரில் ஒரே தொகையைத் தமிழர் மானியம் என்றும், தெலுங்கர் ராயிதி என்றும் குறிக்கும் நிலை காணப்படுகின்றது. தமிழ் பழைய சொல்லைப் புதிய பொருளுக்கு நீட்டியது. தெலுங்கு புதிய பொருளுக்குப் புதிய சொல்லை ஏற்றது எனலாம்.

பழைய மானியம் ஒரு கடமையோடு பிணைந்தது. கடமை நின்றால் மானியமும் நிற்கும். இன்றைய மானியத்தில் அத்தகைய கடமை பெரும்பாலும் இல்லை. ஆயினும் பெறுநரைத் தெரிவுசெய்யும் முறையில் இரண்டிற்கும் தொடர்ச்சி உண்டு. அதனைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

ஏரிப்பட்டியும் கோயில் முதலீடும்

சித்தூர்ப் பகுதியின் பெரும்பாகம் பழந்தமிழ் மரபில் தொண்டைமண்டலத்தின் வடமேற்கு எல்லையைச் சார்ந்தது. இம்மண்டலத்தின் வேளாண்மை ஏரிகளை நம்பியிருந்தது. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் விடப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்பெறுகின்றது. உத்தரமேரூரில் கிடைத்த முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபையின் உறுப்பாக ஏரி வாரியம் இயங்கியதைத் தெரிவிக்கின்றன. நீர்நிலையைக் காப்பதற்கான செலவை ஊரே நிலமாக ஒதுக்கி வைத்தமையை இவற்றால் அறியமுடிகின்றது.

சித்தூர்ப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடைய சான்று திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளில் உள்ளது. பெரும்பாலும் தமிழில் அமைந்த இக்கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. விசயநகரக் காலத்தைச் சேர்ந்த பலவற்றில் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. கொடையாளர் குறிப்பிட்ட அளவு பணத்தை ஸ்ரீபண்டாரத்தில் செலுத்துவார். அப்பணத்தைக் கொண்டு திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டப்படும். அதனால் கூடுதலாகக் கிடைக்கும் விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரில் திருப்படையல் நடைபெறும். இம்முறையைப் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டி, கோயிலை வேளாண் முதலீட்டு நிறுவனமாக விளக்கினார்.

இக்கல்வெட்டுகளில் கொடையாளர் பெயர் உண்டு, ஊர்ப்பெயர் உண்டு, படையலின் அளவு அரிசி, நெய், பயறு வரையில் உண்டு. கால்வாயின் நீரைக் கொண்டு அந்நிலத்தை உழுதவரின் பெயரைப் பொதுவாகக் காண்பதற்கில்லை. முதலீட்டின் பயன் உழவரையும் சென்றடைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பதிவு கொடுத்தவரையும் பெற்ற நிறுவனத்தையும் சார்ந்தே அமைந்தது.

பாளையமும் தசபந்தமும்

ஆர்க்காட்டு நவாபுக்குத் திறை செலுத்திவந்த சித்தூர்ப் பாளையங்களுள் ஒன்றாகப் பங்காரிப் பாளையம் இருந்தது. 1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், இப்பாளையக்காரர்கள் புதிய ஆட்சியை எதிர்த்தனர். 1804-05ஆம் ஆண்டுகளில் படை கொண்டு அவ்வெதிர்ப்பு அடக்கப்பட்டது. அதன்பின் நிலவரி, திறை, காவல் உரிமை ஆகியவை கம்பெனியின் கணக்கிற்குள் கொண்டுவரப்பட்டன.

கம்பெனி அதிகாரிகள் இப்பகுதியிலும் கடப்பை, அனந்தபூர் முதலிய அண்டை மாவட்டங்களிலும் கண்ட ஒருவகைக் கொடை 'தசபந்தம்' என்பதாகும். பத்தில் ஒன்று என்பது இச்சொல்லின் அடிப்படைப் பொருள். ஏரி, குளம், கிணறு, கால்வாய் ஆகியவற்றைத் தம் செலவில் வெட்டியவர்க்கு, அல்லது பழுதுபார்ப்பவர்க்கு, அந்நீரால் விளையும் நிலத்தின் வருவாயில் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. சில இடங்களில் அது தனி நிலமாகவும், வேறு சில இடங்களில் ஆயக்கட்டு முழுவதன் வருவாயில் ஒரு பகுதியாகவும் அமைந்தது. நீர்நிலையைச் செம்மையாக வைத்திருப்பது பெற்றவரின் கடமை. தவறினால் கொடையை அரசு மீட்டுக்கொள்ளலாம்.

தசபந்தத்தை இக்கால நோக்கில் பார்த்தால், அது வேளாண் கட்டமைப்புக்கான மானியமே. அரசு ரொக்கமாக எதனையும் தரவில்லை. வரவேண்டிய வரியை விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக ஏரி நிலைத்தது. 1858இல் தொடங்கிய சென்னை மாகாண இனாம் ஆணையம் இத்தகைய கொடைகளை ஊர் ஊராக ஆராய்ந்து, உரிமைச் சான்றுகளை வழங்கியது. வாய்மொழியிலும் ஊர் வழக்கிலும் நின்றவை அப்போது தாளுக்கு வந்தன. சான்று காட்ட இயன்றவரின் கொடை நிலைபெற்றது. காட்ட இயலாதவரின் கொடை வினாவுக்குள்ளாயிற்று. பதிவேட்டின் ஆற்றல் இவ்விடத்தில் முதன்முறையாகத் தெளிவாக வெளிப்படுகின்றது.

அதே 1858இல் நிறைவேறிய கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்து என்னும் ஊர் வழக்கைச் சட்டத்தின் துணையால் காக்க முயன்றது. ஏரி மராமத்துத் திட்டம் 1883இல் தொடங்கியது. இவ்வாறு நீர்நிலைப் பராமரிப்பு சிறிது சிறிதாக அரசுத் துறையின் பொறுப்பாயிற்று. மானியத்திற்கும் ஏரிக்கும் இருந்த நேர்த்தொடர்பு இதனால் தளர்ந்தது.

தக்காவிக் கடனும் உடைமையாளர் இசைவும்

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் வடாற்காட்டை வாட்டியது. அதனை ஆராய்ந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து நில மேம்பாட்டுக் கடன் சட்டம் (1883), உழவர் கடன் சட்டம் (1884) ஆகிய இரண்டும் இயற்றப்பட்டன. முன்னது கிணறு வெட்டுதல், நிலம் திருத்துதல் போன்ற நிலைத்த பணிகளுக்கும், பின்னது விதை, மாடு போன்ற உடனடித் தேவைகளுக்கும் கடன் அளிக்க வழிசெய்தன. மக்கள் வழக்கில் இவை 'தக்காவி' எனப்பட்டன. வலிமையூட்டுதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் திரிபு இது.

பேராறுகள் பாயாத இவ்வட்டாரத்தில் கிணறே உழவரின் காப்பு. ஆதலின் கிணற்றுக் கடன் இங்குப் பொருளுடையது. ஆனால் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு விதி கருதத்தக்கது. நிலத்தில் மேம்பாடு செய்யும் உரிமை உடையவர்க்குக் கடன் தரலாம். பிறர்க்குத் தரவேண்டுமாயின் அவ்வுரிமையாளரின் இசைவு வேண்டும் என்பது அவ்விதி. குத்தகைக்கு உழுதவர் கிணறு வெட்டக் கடன் பெற விரும்பினால் நிலவுடைமையாளரின் ஒப்புதலை நாடவேண்டியிருந்தது. ஜமீன் நிலங்களில் குடிகளின் உரிமையே 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்தின் பின்னரே ஓரளவு வரையறை பெற்றது என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும்.

சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையிலான அமைச்சரவை 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய கடன்களின் சுமையைக் குறைத்த இச்சட்டம், உழவர் என்பவர் யார் என்பதை வரையறுக்க நேர்ந்தபோது, வேளாண் நிலத்தில் விற்கத்தக்க உரிமை உடையவர் என்பதை முதன்மை அளவுகோலாகக் கொண்டது. உழைப்பைக் காட்டிலும் உரிமையே உழவரை அடையாளப்படுத்தியது.

கர்ணம் கணக்கு முதல் பட்டாதார் பாஸ்புத்தகம் வரை

விடுதலைக்குப் பின் நிலவுரிமையின் அமைப்பு மாறியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்து இரயத்துவாரி முறையின்கீழ்க் கொண்டுவந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கியது. எல்லைச் சீரமைப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பங்காருபாளையம் ஆந்திரத்திலேயே நின்றது. 1956ஆம் ஆண்டு ஆந்திர இனாம் ஒழிப்புச் சட்டத்தால் பழைய மானிய நிலங்கள் பலவும் பட்டா நிலங்களாயின. மானியம் என்னும் சொல் தன் பழம்பொருளுக்குரிய நிலத்தை இழந்த காலமும் இதுவேயாகும்.

நிலக்கணக்கை எழுதியவர் கர்ணம். யாருடைய நிலத்தில் யார் பயிரிட்டனர், என்ன பயிரிட்டனர் என்பவற்றை அடங்கலில் எழுதும் அதிகாரம் அவரிடம் இருந்தது. தமிழ்நாட்டில் 1980இலும், ஆந்திரத்தில் என்.டி. ராமாராவ் ஆட்சியில் 1984இலும் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் நீக்கப்பட்டன. ஒரு குடும்பத்தின் கையிலிருந்த கணக்கு அரசு ஊழியர் கைக்கு மாறியது. 1985இல் தாலுகாக்களுக்கு மாற்றாக மண்டலங்கள் அமைந்தன. 1971ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டத்தின்வழி வந்த பட்டாதார் பாஸ்புத்தகம், வங்கிக் கடனுக்கும் அரசு உதவிக்கும் முதன்மை ஆவணமாயிற்று.

குத்தகையாளர் நிலை இதனால் உயரவில்லை. 1956ஆம் ஆண்டு ஆந்திரக் குத்தகைச் சட்டம் குத்தகையாளருக்குப் பாதுகாப்பு அளிக்கும் நோக்குடையது. அப்பாதுகாப்பே நிலவுடைமையாளரை அச்சுறுத்தியது. எழுத்துவழிக் குத்தகை கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் எனக் கருதிய அவர்கள் வாய்மொழிக் குத்தகையையே விரும்பினர். பாதுகாப்புக்கான சட்டமே குத்தகையாளரைப் பதிவேட்டிலிருந்து மறையச் செய்தது. ஆந்திர அரசு அமைத்த உழவர் நல ஆணையம், ஜெயதி கோஷ் தலைமையில் 2004இல் ஆராய்ந்தபோது, குத்தகை உழவர் வங்கிக் கடனும் நிவாரணமும் பெறாது விடுபடுவதைச் சுட்டிக்காட்டியது.

பொருள்வழி வந்த மானியங்கள்

1977இல் நடுவண் அரசு உரத்திற்கு நிறுத்தி வைப்பு விலைத் திட்டத்தை ஏற்படுத்தியது. உர ஆலைக்கு அரசு பணம் தரும். உழவர் குறைந்த விலையில் உரம் வாங்குவார். இம்மானியத்தைப் பெற நிலப்பதிவு வேண்டுவதில்லை. கடையில் உரம் வாங்குபவர் எவரும் அதன் பயனை அடைவர். குத்தகையாளரும் விலக்கின்றிப் பெற்ற உதவி இது ஒன்றே எனலாம். ஆயினும் மிகுதியாக உரம் இடும் பாசன நிலத்தாருக்கு மிகுதியும், மானாவாரி நிலக்கடலை பயிரிடுவோர்க்குக் குறைவும் சென்றது என்பது இதன் குறை.

2004 மே 14ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, வேளாண்மைக்கு இலவச மின்சாரம் வழங்கும் ஆணையில் முதற் கையொப்பம் இட்டார். தமிழ்நாட்டில் 1990இலேயே எல்லா உழவர்க்கும் இலவச மின்சாரம் நடைமுறைக்கு வந்திருந்தது. இம்மானியம் மின் இணைப்பைப் பின்பற்றியது. இணைப்பு ஆழ்துளைக் கிணற்றைப் பின்பற்றியது. கிணறு வறண்டவர்க்கு இலவச மின்சாரத்தால் பயனில்லை. ஆழமாகத் துளையிடப் பொருள் உடையவர்க்கே பயன் மிகுதி. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு 2002இல் நீர், நிலம், மரச் சட்டமும், 2003இல் நுண்ணீர்ப் பாசனத் திட்டமும் ஆந்திரத்தில் வந்தன. சொட்டுநீர்க் கருவிக்கான மானியம் மாந்தோப்புகள் பரவுவதற்குத் துணைசெய்தது. ஏரியை அடிப்படையாகக் கொண்ட பழைய மானியம் ஊர்ப் பொதுநீரைக் காத்தது. கிணற்றை அடிப்படையாகக் கொண்ட புதிய மானியம் தனியார் நீரிறைப்பைப் பெருக்கியது. இவ்வேறுபாடு வரலாற்று நோக்கில் முதன்மையானது.

2008ஆம் ஆண்டு நடுவண் அரசின் கடன் தள்ளுபடித் திட்டம் வங்கிப் பதிவைப் பின்பற்றியது. இரண்டு எக்டர் வரை உடைய சிறு, குறு உழவரின் நிலுவைக் கடன் முழுவதும் தள்ளுபடியாயிற்று. ஏனையோர்க்கு நான்கில் ஒரு பங்கு சலுகை கிடைத்தது. வட்டிக்கடைக்காரரிடமும் வணிகரிடமும் கடன்பட்டவர் இத்திட்டத்தின் வெளியே நின்றனர். குத்தகை உழவர் அவ்வகைக் கடனையே பெரிதும் நம்பியிருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

கணக்கில் சேரும் பணம்

கடந்த சில ஆண்டுகளில் மானியம் நேரடிப் பணமாக மாறியது. தெலங்கானா அரசு 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து திட்டம், ஏக்கருக்குப் பருவந்தோறும் 4,000 ரூபாய் என நிலவுடைமையாளர்க்கு வழங்கியது. குத்தகையாளர் அதில் இடம்பெறவில்லை. நடுவண் அரசின் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி 2019 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கப்பெற்றது. நிலமுடைய குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் சேர்கின்றது. 2019 பிப்ரவரி 1ஆம் நாளன்று நிலப்பதிவேட்டில் பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி.

ஆந்திரத்தில் 2019 அக்டோபர் 15ஆம் நாள் தொடங்கிய ஒய்.எஸ்.ஆர். ரைத்து பரோசா, நடுவண் அரசின் தொகையையும் சேர்த்து ஆண்டுக்கு 13,500 ரூபாய் வழங்கியது. பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த குத்தகை உழவர்க்கும் இத்தொகை உரியதாக்கப்பட்டது. இது ஒரு திருப்பம். அதற்கு வழிசெய்யும் பொருட்டுப் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. பதினொரு மாதக் காலத்திற்குப் பயிரிடுவோர் உரிமை அட்டை தரப்பட்டது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த கடன் தகுதி அட்டைக்குப் பதிலாக வந்தது இது. ஆனால் புதிய அட்டையைப் பெற நிலவுடைமையாளருடன் எழுத்துவழி உடன்பாடு வேண்டும். 1883ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டிய இசைவையே 2019ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியது. நூற்று முப்பத்தாறு ஆண்டுகளில் ஆட்சியும் ஆவணமும் மாறின; குத்தகையாளர் கடக்கவேண்டிய வாயில் மாறவில்லை.

2024இல் ஆட்சி மாறியபின், அன்னதாதா சுகிபவ என்னும் பெயரில் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. நடுவண் அரசின் 6,000 ரூபாயையும் சேர்த்து ஆண்டுக்கு 20,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டு, முதல் தவணை 2025 ஆகஸ்டு 2ஆம் நாள் வழங்கப்பெற்றது. ஆட்சிதோறும் பெயரும் தொகையும் மாறினாலும், பட்டாவும் வங்கிக் கணக்கும் ஆதார் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் பணம் சேரும் என்னும் நிலை தொடர்கின்றது.

பதிவேட்டின் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். 2020இல் தமிழ்நாட்டில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் முதலிய மாவட்டங்களில் தகுதியற்ற பலர் உழவர் எனப் பதிவு செய்யப்பெற்று, நடுவண் அரசின் உதவித்தொகையைப் பெற்றமை வெளிப்பட்டது. உழுபவர் பதிவின்றி நிற்க, உழாதவர் பதிவு பெற்றனர். ஆகவே, பதிவைத் தளர்த்துவது மட்டும் தீர்வாகாது. எதனைப் பதிவது என்பதே அடிப்படை வினா.

மாம்பழ மானியம் (2025)

இப்பின்னணியில் பங்காருபாளையத்தின் அண்மை நிகழ்வை நோக்கலாம். தெலுங்கில் தோதாபுரி என்றும் தமிழில் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாம்பழம் சித்தூர் மாவட்டத்தின் முதன்மைத் தோட்டப்பயிர். இது பெரிதும் கூழ் ஆலைகளுக்குச் செல்வது. ஆலைகள் வாங்கத் தயங்கினால் உழவர்க்கு வேறு சந்தை அரிது. பறித்த பழம் சில நாட்களே நிற்கும். ஆதலின் பேரம் பேசும் ஆற்றல் உழவரிடம் குறைவு.

2025 பருவத்தில் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், உழவர்க்கு 12 ரூபாய் கிடைக்கும் என்பது மாநில அரசின் ஏற்பாடு. அண்டை மாநிலப் பழம் உள்ளே வருவதைச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் சூன் 7ஆம் நாள் தடுத்தது. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அதனை நீக்குமாறு ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மானியம் மாநில எல்லைக்குள் நிற்பது. பழமோ எல்லை அறியாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. சூலை 9ஆம் நாள் முன்னாள் முதலமைச்சர் ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி பங்காருபாளையம் சந்தைக்கு வந்தபோது, இச்சிக்கல் மாநில அரசியலின் மையத்திற்கு வந்தது.

அதே மாதத்தில் நடுவண் அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ் 1,62,500 டன் பழத்திற்கு விலைக் குறைவுத்தொகை வழங்க ஒப்புதல் அளித்தது. குவிண்டாலுக்கு 1,490.73 ரூபாய் என்பது அடிப்படை விலை. செலவை இரு அரசுகளும் பாதிப் பாதியாக ஏற்பன. அத்திட்டத்தின் விதிப்படி மொத்த விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு வரையிலேயே உதவி நீளும் என்பதால், அளவு இவ்வாறு வரையறுக்கப்பெற்றது.

இம்மானியத்தின் தனித்தன்மை அதன் அளவுகோலில் உள்ளது. கிசான் நிதி குடும்பத்தைப் பார்க்கின்றது. ரைத்து பந்து ஏக்கரைப் பார்த்தது. மாம்பழ மானியம் எடையைப் பார்க்கின்றது. டன்னுக்கு 4,000 ரூபாய் என்னும் கணக்கில், ஒன்றரை டன் பழம் விற்றவர் பெறும் தொகை கிசான் நிதியின் ஓராண்டுத் தொகைக்கு ஈடாகும். பத்து டன் விற்றவர் 40,000 ரூபாய் பெறுவார். பெரிய தோப்பு உடையவர்க்கு மிகுதி என்பது இதன் இயல்பு. ஆயினும் பழம் விளைவித்து விற்றமையையே அடிப்படையாகக் கொள்வதால், உழைப்பிற்கும் உதவிக்கும் இடையிலான தொலைவு இதில் குறைகின்றது.

அத்தொலைவு முற்றும் நீங்கவில்லை. பூ விடும் பருவத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விடும் வழக்கம் மாம்பழ வட்டாரங்களில் நெடுங்காலமாக உண்டு. குத்தகை எடுத்தவர் மருந்து தெளித்து, காவல் காத்து, பறித்து விற்பார். விலை வீழ்ச்சியின் இழப்பு அவரையே சேரும். பட்டாவும் வங்கிக் கணக்கும் உடைமையாளர் பெயரில் இருக்க, எடைச்சீட்டு குத்தகையாளர் கையில் இருக்கும்போது, எந்தப் பதிவை மெய்யெனக் கொள்வது என்னும் சிக்கல் எழுகின்றது. பழைய பதிவேட்டின் இடத்தில் எடைச்சீட்டு புதிய பதிவேடாக வந்து நிற்கின்றது.

அயல்நாட்டு ஒப்பீடு

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடு 1933இல் வேளாண் சீரமைப்புச் சட்டத்தை இயற்றியது. விலை உயரும் பொருட்டுப் பருத்திச் சாகுபடியைக் குறைத்தவர்க்கு அரசு பணம் அளித்தது. பணம் பெரும்பாலும் நிலவுடைமையாளர் கைக்கே சென்றது. பங்குக் குத்தகையாளர்க்குச் சேரவேண்டிய பகுதி பலவிடங்களில் சேரவில்லை. சாகுபடி குறைந்ததால் பலர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1934இல் ஆர்க்கன்சாவில் தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கம் தோன்றியதற்கு இதுவே பின்னணி. ஒடிசா அரசின் காலியா திட்டம், இதற்கு மாறாக, நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் தொடக்கத்திலேயே உள்ளடக்கியது. பதிவேட்டை விரிவாக்க இயலும் என்பதற்கு அது ஒரு சான்று.

முடிவுரை

ஏரிப்பட்டி, கோயில் முதலீடு, தசபந்தம், தக்காவி, உர மானியம், இலவச மின்சாரம், நேரடிப் பணம், மாம்பழ மானியம் என விரியும் இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் புலப்படுகின்றன.

முதலாவது, மானியம் என்னும் சொல் நிலத்திலிருந்து பணத்திற்கு நகர்ந்தபோது, கடமை என்னும் கூறு அதிலிருந்து உதிர்ந்தது. தசபந்தம் பெற்றவர் ஏரிக்குப் பொறுப்பாளர். இன்றைய தொகையைப் பெறுபவர் எந்நீர்நிலைக்கும் பொறுப்பாளர் அல்லர்.

இரண்டாவது, உதவி எப்போதும் பதிவைப் பின்பற்றியது. கல்வெட்டு, இனாம் சான்று, கர்ணம் கணக்கு, பாஸ்புத்தகம், வங்கிக் கணக்கு எனப் பதிவின் வடிவம் மாறிவந்தது. நிலத்தை உடையவரைப் பதிவது எளிது என்பதால் அவரே உழவராகக் கொள்ளப்பட்டார்.

மூன்றாவது, பயிரையும் விற்பனையையும் பதியும் முறை இப்போது உருவாகி வருகின்றது. பங்காருபாளையத்தின் எடைச்சீட்டு அதன் ஓர் எடுத்துக்காட்டு. உடைமையாளரின் இசைவை நாடாமல், பயிரிட்டவர் பெயரிலேயே அச்சீட்டு எழுதப்பெறுமாயின், 1883 முதல் நீடித்துவரும் தடை ஒன்று நீங்கும். எழுதப்பெறாதாயின், கால்வாய் வெட்டியவரையும் படையல் அளித்தவரையும் குறித்து உழுதவரை விட்டுவிட்ட கல்வெட்டு மரபே கணினிப் பதிவேட்டிலும் தொடரும்.